ஒராத்சியோவின் நாற்காலி

"மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கோல் கம்பம் மறைக்குது" என்றான் ருஜ்ஜேரோ.

ஒராத்சியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தள்ளி நிற்கச் சொன்னவன் உட்கார்ந்திருந்தது ஒராத்சியோவின் நாற்காலி. அவன் மடியில் இருந்தது ஒராத்சியோவின் தட்டு. தட்டில் இருந்தது நுன்சியா புதன்கிழமைகளில் மட்டும் செய்யும் கத்தரிக்காய் பாஸ்தா, அதிலும் ஓரம் கருகி மொறுமொறுவென்று இருக்கும் துண்டு. பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த ஓரத் துண்டு யாருக்கு என்று அந்த வீட்டில் கேள்வியே எழுந்ததில்லை.

ருஜ்ஜேரோ நுன்சியாவின் தம்பி. நாற்பது வயது. வேலைக்குப் போவதற்குத்தான் நாள் நட்சத்திரம் பார்ப்பான், சாப்பாட்டுக்குப் பார்ப்பதில்லை. அன்று சாயங்காலம் "சும்மா அக்காவப் பாக்கலாம்னு வந்தேன்" என்று வாசலில் நின்றான். அக்காவைப் பார்த்தது அரை நிமிடம். அப்புறம் டிவியைப் பார்த்துச் சரிந்தவன்தான்.

தோர்ரெமாரா அணி ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் போர்ச்சுகல் போய் இரண்டு கோல் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தது. இப்போது இரண்டாவது ஆட்டம், சொந்த ஊரில். மூன்று கோல் அடித்தால் அடுத்த சுற்று, இல்லையென்றால் வீடு. துறைமுகச் சுங்க அலுவலகத்தில் முத்திரை குத்தும் ஒராத்சியோவுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. தன் ஊர் அணி ஒரு வெள்ளிக் கோப்பையைத் தூக்குவதை, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் இரண்டு கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்தாறு வயது வரை மாரடைப்பு வராமல் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அணி மூன்று கோல் அடித்தது.

ஒராத்சியோ நின்றபடியே குதித்தான். குதித்து முடித்ததும், "சரி மாப்ள, கெளம்பு" என்றான்.

"ஒரு நிமிஷம்!" என்றார் கோசிமோ. மேல்மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சொந்தமாக டிவி வாங்குவது வீண் செலவு என்று எல்லா ஆட்டத்துக்கும் இங்கேதான் வருவார். "போர்ச்சுகல் ஆட்டத்தப்ப இந்த நாற்காலில யாரு?"

"நான்தான்."

"என்ன ஆச்சு?"

"தோத்தோம்."

"இன்னிக்கு யாரு?"

ருஜ்ஜேரோ தட்டில் ஒட்டியிருந்த பாலாடைக்கட்டியைச் சுரண்டிக்கொண்டே, "நான் வாத்தியாரே" என்றான்.

கோசிமோ சட்டைப்பையிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டார். இரும்பைத் தொடாமல் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. "இனிமே இவன்தான். இதே நாற்காலி, இதே தட்டு, இதே துண்டு."

இரண்டாம் சுற்று ஒரு போலந்து அணியோடு. ஒராத்சியோ ரொம்ப யோசித்து ஒரு காரியம் செய்தான். அதே தச்சனிடம், அதே மாதிரி இன்னொரு நாற்காலி செய்து வாங்கி வந்து, மச்சினனை அதில் உட்கார்த்திவிட்டுத் தன்னுடையதில் தான் உட்கார்ந்தான்.

பத்தாவது நிமிடம் போலந்துக்காரன் கோல் போட்டான்.

"எந்திரிய்யா!" கோசிமோ அலறிவிட்டார். "ஊரையே கவுக்கப் பாக்கறியா?"

ஒராத்சியோ எழுந்தான். ருஜ்ஜேரோ இடம் மாறி உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் தோர்ரெமாரா ஒன்று அடித்தது. அப்புறம் இன்னொன்று. விஷயம் தெருவெல்லாம் பரவி, மறுநாள் காலை ரொட்டிக் கடையில் ருஜ்ஜேரோவுக்கு வரிசை கிடையாது என்று முடிவாயிற்று. புது நாற்காலியில் கோசிமோ உட்கார ஆரம்பித்தார்.

காலிறுதி மார்ச்சில்தான். மூன்று மாதம் நிம்மதி என்று ஒராத்சியோ பெருமூச்சு விட்டான். அந்த மூச்சு வெளியே வந்து முடிவதற்குள் கோசிமோ வந்துவிட்டார்.

"இடையில அவன் வேற ஊருக்குப் போயிட்டா? கால ஒடச்சுக்கிட்டா? கண்ணெதிர்ல வச்சுக்க, ஒராத்சியோ."

"என் வீடென்ன சத்திரமா?"

"ஏங்க, என் தம்பிதானே" என்றாள் நுன்சியா. அவளும் தோர்ரெமாராக்காரிதான். ஆக, ருஜ்ஜேரோ பெட்டியோடு வந்து சேர்ந்தான். சோபா முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் நாளே ஒராத்சியோவின் ஒற்றைக் கட்டிலுக்கு மாறினான். ஒராத்சியோ சோபாவுக்கு மாறினான்.

பிப்ரவரியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மச்சினனைத் துரத்தினால்தானே பாவம்? வேலை வாங்கிக் கொடுத்தால் புண்ணியம். தெரிந்தவர் காலைப் பிடித்து மீன் சந்தையில் சாயங்கால வேலை வாங்கிக் கொடுத்தான். ருஜ்ஜேரோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். காலிறுதி ஆட்டம் தொடங்கியபோது ஒராத்சியோ தன் நாற்காலியில், தன் தட்டோடு, ராஜா மாதிரி இருந்தான்.

ஜெர்மன்காரர்கள் அரை மணி நேரத்தில் இரண்டு போட்டார்கள்.

மாடிப்படியெல்லாம் காலடிச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் மீன் சந்தைக்கு ஓடி, ருஜ்ஜேரோவை எடை போட்டுக்கொண்டிருந்த மத்திப் பெட்டியோடு அப்படியே அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் உட்கார்ந்தான். பெட்டியைக் காலடியில் வைத்தான். தோர்ரெமாரா மூன்று கோல் அடித்தது.

"மீனும் சேத்துதான்" என்று கோசிமோ தீர்ப்புச் சொன்னார்.

"வாத்தியாரே, திரைச்சீலையெல்லாம் நாறுதே!" என்றாள் நுன்சியா.

"காலிறுதி தாண்டியாச்சும்மா. நாத்தம் பாத்தா ஆகுமா?"

அடுத்த ஆட்டத்திலிருந்து புது மத்தி ஒரு பெட்டி, ஒராத்சியோ செலவில்.

அரையிறுதியில் எதிரி ஸ்காட்லாந்து அணி. அன்று மாலை ருஜ்ஜேரோ ஓரத் துண்டை வாயில் வைத்துவிட்டு, "அக்கா, போன தடவ இன்னும் மொறுமொறுன்னு இருந்துச்சு" என்றான். ஒராத்சியோவுக்குள் ஏழு மாதமாகப் புகைந்தது வெடித்துவிட்டது.

"உன் அதிர்ஷ்டமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! அணி தோக்கட்டும்! நாசமாப் போகட்டும்!"

கத்திவிட்டு பால்கனிக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினான். சொந்த அணியைச் சபித்துவிட்டோமே என்று கொடியில் தொங்கிய போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நொடி உள்ளே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். கோல்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாயப் போனான். கோசிமோ குறுக்கே நின்றார்.

"அங்கயே நில்லு."

"வாத்தியாரே, நான் சபிச்சதுக்கு அர்த்தம்..."

"அர்த்தத்த விடு. நீ வெளிய போன, பந்து உள்ள போச்சு. இனிமே நீ பால்கனி."

"இது என் வீடுய்யா!"

"வீடு உன்னுதுதான், யாரு இல்லேன்னா? பால்கனியும் உன்னுதுதான்."

இறுதி ஆட்டம் மே மாதம், வியன்னாவில். வீட்டுக்குள் முப்பத்தாறு பேர். நடுவில் நாற்காலி, தட்டு, துண்டு, மத்தி, ருஜ்ஜேரோ. வெளியே, ஈரத் துணிக்கு நடுவில் ஒராத்சியோ. காது ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். கூட்டம் "ஐயோ" என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டான், "ஆ" என்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஆட்டம் பெனால்டிக்குப் போயிற்று.

சமையலறை ஜன்னல் வழியாக, "என்ன ஆச்சு நுன்சியா?" என்று கெஞ்சினான்.

"நானே கண்ண மூடிட்டு நிக்கிறேன், சும்மா இருங்க!"

பிறகு வந்த சத்தத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதின. ஒராத்சியோ நனைந்த படுக்கை விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதான். இவ்வளவு சந்தோஷத்தை அவன் வாழ்நாளில் அனுபவித்ததில்லை, இவ்வளவு ஏமாற்றத்தையும்தான்.

"கோப்பையத் தூக்கறதையாவது பாக்க விடுங்கய்யா!"

"கையில வாங்கட்டும். அதுவரைக்கும் எதுவும் நிச்சயமில்ல" என்றார் கோசிமோ உள்ளேயிருந்து.

கையில் வாங்கினார்கள். கதவு திறந்தது. ஒராத்சியோ பாய்ந்து போனான். முப்பத்தாறு முதுகுகளைத் தள்ளிக்கொண்டு டிவிக்கு முன்னால் வந்தபோது விளம்பரத்தில் ஒரு பெண்மணி சோப்புத் தூளால் சட்டையை வெளுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நுன்சியா எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தாள். "என் தம்பிதான், இல்லேங்கல" என்றாள். "ஆனா இன்னொரு பெட்டி மத்தி இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

ஒராத்சியோ காத்திருந்தது இதற்குத்தான். கோப்பையை வென்றவர்கள் அடுத்த சீசனில் தானாகவே ஆடலாம். செப்டம்பரில் மறுபடி முதல் சுற்று. இந்த முறை தன் நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வரை, தானே பார்க்கப் போகிறான். கோசிமோ வாயைத் திறக்காதபடி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அதிர்ஷ்டத்தைத் துரத்தினால்தானே குற்றம்? ஊருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டால்?

மச்சினனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுக முனையில் இருக்கும் செராஃபீனாவின் காபிக் கடைக்கு நடந்தான். ஊரிலேயே பெரிய டிவி அங்கேதான். பாதி ஊர் அங்கேதான் ஆட்டம் பார்க்கும். ருஜ்ஜேரோ பின்னாலேயே தயங்கித் தயங்கி வந்தான்.

"மச்சான், வேற எங்க வேணா போறேன். அங்க மட்டும் வேணாம்."

"வெக்கப்படாத மாப்ள. தலைமேல வச்சுக் கொண்டாடுவாங்க."

கடையில் ராத்திரி கொண்டாட்டத்தின் காகிதத் துணுக்குகளைச் செராஃபீனா பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒராத்சியோ பெட்டியை மேஜைமேல் வைத்துத் தொண்டையைச் செருமினான்.

"செராஃபீனாக்கா! நமக்குக் கோப்பை வாங்கிக் குடுத்த மகராசன் இவன்தான். இத்தன நாள் என் வீட்ல மட்டும் வச்சுக்கிட்டது சுயநலம்னு மனசு உறுத்துது. இனிமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உங்க கடையிலயே உக்காரட்டும். இவன் அதிர்ஷ்டம் ஊருக்கே பொது."

செராஃபீனா நிமிர்ந்து ருஜ்ஜேரோவைப் பார்த்தாள். விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து வாசலுக்குக் குறுக்கே நின்றாள்.

"பன்னெண்டு வருஷமா ஒரு ஆட்டம் விடாம இவன் இங்கதான் உக்காந்து பாத்தான், பன்னெண்டு வருஷமும் நாம உருப்படல, போர்ச்சுகல்காரன் ரெண்டு கோல் போட்ட அன்னிக்குத்தான் எனக்குப் புத்தி வந்து இவனக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளினேன், அதுக்கப்புறம்தான்யா ஜெயிக்கவே ஆரம்பிச்சோம்!"