திருநீறு பூசினால் திறக்கும் கம்ப்யூட்டர்

கலியாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாகேந்திரத்துக்கு வீட்டில் அதிகாரம் கிடைத்தது. கொடுத்தது மனைவி துஷ்யந்தி அல்ல. கம்ப்யூட்டர்.

பழைய சிஸ்டம் பாதுகாப்பில்லை, புதிதைப் போடுங்கோ என்று ரொறன்ரோவிலிருந்து மகன் கஜீவன் மூன்று மாதமாகக் கத்தியதில், வெள்ளவத்தைக் கடையொன்றில் கொடுத்துப் போட்டாயிற்று. கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் அதை வாங்கி வந்து, சட்டைகூடக் கழற்றாமல் திறந்தார் மனிதர். "இந்தக் கம்ப்யூட்டரின் அட்மினிஸ்ட்ரேட்டர் யார்?" என்றது திரை. இப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதே கிடையாது. குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். துஷ்யந்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சட்டென்று தன் பெயரை அடித்துவிட்டார்.

அடுத்தது பாஸ்வேர்ட். பெயரைப் போட்டார், காணாது என்றது. இலக்கம் சேர்த்தார், குறியீடு எங்கே என்றது. கடைசியில் அது ஏற்றுக்கொண்ட பதினெட்டு எழுத்துப் பாஸ்வேர்ட், கண்ணை மூடித் திறப்பதற்குள் அவருக்கு மறந்துவிட்டது. பரவாயில்லை, முகத்தைக் காட்டினாலே திறக்கும் என்றிருந்தது. காட்டினார். முகத்தைத் தெரியாமற் போனால் கேட்பதற்கு ஒரு கேள்வி வேண்டுமாம். 'கலியாண நாள்' என்பதைத் தெரிவுசெய்து, யோசிக்காமல் ஒரு திகதியை அடித்தார்.

சிக்கல் பின்னேரமே தொடங்கியது. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், "உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றது. சிரித்துப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது. காலையில் அவர் காட்டியது மூன்று குறித் திருநீறும் நடுவில் பெரிய சந்தனப் பொட்டுமாகக் கோயிலால் வந்த முகம். அந்த நாகேந்திரத்தைத்தான் அதற்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு தரமும் சாமியறைக்குப் போய்ப் பூசிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு றவூப், "என்ன நாகேந்திரம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் கோயிலுக்குப் போற?" என்று கேட்டே விட்டார்.

ஆனாலும் அந்தக் கஷ்டத்துக்குப் பலன் இருந்தது. துஷ்யந்தி கனடாப் பிள்ளைகளுக்கு ஸூமில் தேவாரம் படிப்பிக்கிறவள். கமராவைத் திறந்தால் அட்மினிஸ்ட்ரேட்டரின் அனுமதி வேண்டும் என்று திரை மறித்தது. பாட்டைப் பிரிண்ட் எடுக்கப் போனாலும் மறித்தது.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ. உங்கட முகத்தைக் கேக்குது."

நாகேந்திரம் மந்திரிமாதிரி நடந்து வருவார்.

"என்னத்துக்கு?"

"பிள்ளையளுக்குப் பாட்டு அனுப்ப."

"காரணத்தைச் சொல்லும், பாப்பம்."

"அதுதானே சொன்னனான்!"

"இண்டைக்கு வடை சுடுற எண்ணம் இருக்கோ?"

கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது, பொரியல் கூடாது, நன்றாக நடக்கவேண்டும் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டுத் தாச்சி எண்ணெயைக் கண்டதில்லை. இப்போது ஓர் அனுமதிக்கு இரண்டு வடை. துஷ்யந்தி மறுபேச்சுப் பேசாமல் சுட்டுக் கொடுத்தாள். அந்த மறுபேச்சுப் பேசாததிலேயே அவர் உஷாராகியிருக்கவேண்டும். ஆகவில்லை. அதிகாரம் அவருக்கு அவ்வளவு ருசித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளைத் தெரிவு, ஸூமில். தலைவர் பதவிக்கு நாகேந்திரமும் ஸ்ரீஸ்கந்தராசாவும் போட்டி. கூட்டத்தில் இல்லாதவரைத் தெரிவு செய்வதில்லை. போன முறை ஒரு வாக்கால் தோற்ற வேதனை இன்னும் அவர் நெஞ்சுக்குள் இருந்தது.

அன்று மத்தியானம் துஷ்யந்தி ஓர் அனுமதி கேட்டாள். அவர் துணிந்து விலையைக் கூட்டினார்.

"பாரை மீன் பொரியல்."

"சரி," என்றாள் அவள்.

ஆறு துண்டு சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு, மூன்று ஐம்பதுக்கு எழும்பிச் சாமியறைப் பக்கம் போனார்.

"நில்லுங்கோ! மச்சம் சாப்பிட்டிட்டுத் திருநீத்துத் தட்டைத் தொடுறியளோ?"

"பத்து நிமிசத்தில கூட்டமப்பா!"

"குளிச்சிட்டுத் தொடுங்கோ."

குழாயைத் திறந்தார். காற்று வந்தது. ஆறு மணிவரை நீர்வெட்டு என்று லிஃப்டில் மூன்று நாளாக ஒட்டியிருந்ததை அவர் வாசிக்கவில்லை. முகத்துக்குப் போடும் பவுடரை மூன்று குறியாக இழுத்து, மஞ்சளால் பொட்டும் வைத்துப் போய் உட்கார்ந்தார். "உங்களை அடையாளம் தெரியவில்லை" என்றது. பிறகு கலியாண நாளைக் கேட்டது.

விஷயம் பெரிது என்பதால் நினைவை நம்பாமல் கலியாண அல்பத்தையே எடுத்துப் பார்த்து அடித்தார். ஆவணி பதின்மூன்று. பிழை. இன்னொரு தரம் அடித்தார். பிழை. மூன்றாம் தரமும் பிழை என்று சொல்லிக் கம்ப்யூட்டர் கதவை ஒரேயடியாகச் சாத்திக்கொண்டது. நாலு மணிக்கு இன்னும் ஒரே ஒரு நிமிஷம். நாகேந்திரத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

துஷ்யந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தள்ளுங்கோ," என்றாள். எதையோ தட்டினாள். திறந்தது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்: துஷ்யந்தி' என்று திரை வணக்கம் சொன்னது. கீழே சின்ன எழுத்தில் 'விருந்தினர்: நாகேந்திரம்'.

"இது... இது எப்ப?"

"போன செவ்வாய்."

"எப்பிடி உள்ளுக்குப் போனனீர்? கலியாண நாள் சரியாப் போட்டும் எனக்கே திறக்கேல்லை!"

"சரியாப் போட்டா எப்பிடித் திறக்கும்? முப்பத்தொரு வருசமா ஒரு நாள் பிந்திப் பதினாலாம் திகதி வாழ்த்துச் சொல்லுற மனுசன் நீங்கள். அதைத்தானே குடுத்து வைச்சிருப்பியள்."

"அப்ப ஏனப்பா ஒவ்வொரு தரமும் என்னைக் கூப்பிட்டனீர்?"

"டொக்டர் நடக்கச் சொன்னவர். வேற எதுக்குக் கதிரையால எழும்பினனீங்கள்? வடையும் எண்ணெயில சுட்டதில்லை, ஓவனில வேகவைச்சது. உங்களையும் அட்மினா விட்டுத்தான் வைச்சிருந்தனான். இண்டைக்கு மீன் பொரியல் கேட்டியள் பாருங்கோ, அதோட எடுத்திட்டன்."

அவள் 'விருந்தினர்' என்பதைத் தட்டி, கமராவுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். கூட்டம் தொடங்கிவிட்டது. ஸ்ரீஸ்கந்தராசா அரை மணித்தியாலம் தன்னைப் பற்றியே பேசினார். நெற்றியில் பவுடரும் மஞ்சளுமாக ஒரு சொல்லும் பேசாமல் இருந்த நாகேந்திரத்தைப் பார்த்துச் சபை உருகிப்போனது. எட்டு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி!

"தலைவர் இரண்டு வார்த்தை பேசவேணும்!" என்றார்கள்.

நாகேந்திரம் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மைக்கை அழுத்தினார். அட்மினிஸ்ட்ரேட்டரின் அனுமதி வேண்டும் என்று திரை மறித்தது.

"இஞ்சரும்... ஒருக்கா வாரும்."

குசினிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"காரணத்தைச் சொல்லுங்கோ, பாப்பம்."