நாற்பதுக்கு ஒரு பக்கம்

பெரிய இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் முழுமனதாக நம்புகிறேன். என்னை அது முதலில் மானம் கெடுத்தது, அப்புறம்தான் பண்படுத்தியது.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. நூல் சுற்றிய கோன்களில் நாற்பதுக்கு ஒன்றை எடுத்துச் சோதிப்பேன். அது தேறினால் மொத்தமும் பாஸ். (வேலையில் ஒரு நாளும் தப்பியதில்லை. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் மங்கை, பள்ளிக்கூட டீச்சர். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தரகர்தான் ஒரு குண்டைப் போட்டார். "பொண்ணு புத்தகப் பைத்தியம். நீங்களும் பெரிய பெரிய நாவலா படிப்பியன்னு சொல்லி வச்சிருக்கேன்." அவளுக்குப் பிடித்த நாவல் எது என்றும் சொன்னார். நூலகத்தில் போய் எடுத்தேன். தொள்ளாயிரம் பக்கம். பெண் பார்க்க மூன்று நாள்தான் இருந்தது.

என்ன செய்தேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நாற்பதுக்கு ஒரு பக்கம். இருபத்திரண்டு பக்கத்தில் நாவலைப் பாஸ் செய்து மூடிவிட்டேன்.

அம்மாவோடு போனேன். மங்கையின் அப்பா ஓய்வுபெற்ற ஏட்டு. ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது மாதிரியே உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது, பேச்சு நாவலுக்கு வந்தது. "பெரிய இலக்கியம் மனுசன பண்படுத்தும்ங்க" என்று எடுத்துவிட்டேன்.

"உங்கள எப்படிப் பண்படுத்துச்சு?" என்று கேட்டாள் மங்கை.

"அந்த வீரணன் தாத்தா, கம்பு ஊனி நடக்குற வயசுலயும் மனசு தளராம இன்னொரு கல்யாணம் பண்ணுதாரே. அந்த நம்பிக்கைய அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

ஏட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணம் பண்ணுறது பேரன், மாப்ள. தாத்தா பேர வச்ச பேரன். தாத்தாவுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருச்சு."

(எனக்கும் என் தாத்தா பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அப்படியும் இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.)

"எத்தன பக்கம் படிச்சிய?" மங்கை மெதுவாகத்தான் கேட்டாள். ஏட்டு மகளிடம் பொய் நிற்காது.

"இருபத்திரெண்டு. சாம்பிள் எடுத்தேங்க."

அவள் சிரிக்கவில்லை. "முழுசா படிச்சுட்டு வாங்க. பொறவு பேசுவோம்" என்று உள்ளே போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் அம்மா, "ஏலே, படிக்கலன்னு சொல்லித் தொலைச்சிருந்தா நான் காப்பியாவது நிம்மதியா குடிச்சிருப்பேன்" என்றாள்.

ரோஷத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். ஐந்நூறு பக்கம் தாண்டியதும் ரோஷம் போன இடம் தெரியவில்லை. வீரணன் வீட்டு மருமகள் தினமும் எதையோ சொல்லிக்கொண்டே இருப்பாள். எல்லோரும் "ம்" கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான், அவள் அத்தனை நாளும் நெஞ்சுவலியைச் சொல்லியிருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியவரும். என்னால் மேலே படிக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. அடுப்படியில் அம்மா வழக்கம்போல முட்டிவலி என்று முனகிக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன்.

"எந்த முட்டிம்மா?"

"ஆறு மாசமா சொல்லுதேன், இன்னைக்குத்தான் காது கேட்டுதா? எடது முட்டி" என்றாள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

நாவலை முடித்துவிட்டு மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். "உங்கள எப்படிப் பண்படுத்துச்சு?" என்று மங்கை அதே கேள்வியைக் கேட்டாள். மேடைப் பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "எங்கம்மாவுக்கு வலிக்குறது எடது முட்டின்னு தெரிஞ்சுச்சு" என்றேன். அவள் உள்பக்கம் திரும்பி, "அப்பா, தேதி பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றும் மங்கை பள்ளிக்கூடத்துக் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் நான் "ம்" என்றால் போதும், பக்கத்து அறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்: "ஏட்டி மங்கை, முழுசா கேட்டானா, சாம்பிள் எடுத்தானான்னு கேளு."