ஒரே கண், மூன்று அளவு

“ஒரே கண்ணை மூணு தடவை அளங்க. மூணும் ஒண்ணா வந்தா இந்த ரூம் உங்களோடதுதான். வரலைன்னா புது மெஷின் வருது, நீங்க டோக்கன் கவுன்ட்டருக்குப் போயிடுங்க” என்றார், போன மாதம் வந்து சேர்ந்த டாக்டரம்மா.

அளவுக்காரருக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷமாக, ஆபரேஷனுக்கு முன்னால் கருவிழியின் வளைவை அளந்து சொல்கிறவர். அவர் சொல்லும் எண்ணை நம்பித்தான் உள்ளே லென்ஸ் வைக்கிறார்கள். கடைசியில் டோக்கன் கிழிக்கவா?

ஆனால் ஒரு வருஷமாகவே அளக்கும் கருவிக்குள் தெரியும் வட்டங்கள் அவருக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தன. அது மனைவிக்கு மட்டும் தெரியும். “உங்க கண்ணை ஒரு தடவை காட்டுங்களேன்” என்பாள். “நானே கண்ணு பாக்குறவன்டி” என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாவைக் கைதட்டிக் கூப்பிட்டு, கருவியின் தாங்கியில் தாடையை வைத்து உட்காரவைத்தார். எப்போதும் வலது கண்தான் முதலில். அவளுடைய இடது கண்ணை மூடினார்.

“சார், அந்தக் கண்ணு வந்து...”

“பேசாத. பேசினா தலை ஆடும்.”

“உள்ள ஒண்ணுமே தெரியலீங்களே.”

“உனக்கு எதுக்குத் தெரியணும்? எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

நாற்பத்து மூன்று. இன்னொரு தடவை பார்த்தார். நாற்பத்தைந்து.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“கண்ணு காஞ்சு கிடக்கு மேடம்” என்று சொட்டு மருந்து விட்டார். “எரியுதா?”

“இல்லீங்க.”

“நல்ல பொறுமைசாலி” என்று மறுபடி குனிந்தார். நாற்பத்தொன்று.

மருந்து அதிகமாகிவிட்டது என்று துடைத்தார். பத்துத் தடவை இமைக்கச் சொன்னார். அவளும் மறு பேச்சில்லாமல் இமைத்தாள். நாற்பத்தாறரை.

“மெஷின்ல ஏதாவது கோளாறா?” என்றார் டாக்டரம்மா.

“மெஷின் தங்கம் மேடம்! இந்தக் கண்ணுதான் நிமிஷத்துக்கு ஒரு வளைவு காட்டுது. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததே இல்ல. தப்பு இதுல இல்லேன்னு யாராவது சொல்லட்டும், நானே எழுதிக் கொடுத்துட்டு டோக்கன் கவுன்ட்டருக்குப் போறேன்.”

ஆயாம்மா தாங்கியிலிருந்து தாடையை எடுத்துவிட்டு எழுந்தாள். துடைப்பானைக் கையில் எடுத்தாள்.

“அது கண்ணாடிக் கண்ணுங்க சார். பதினோரு வருஷமா உங்க ரூம் வாசல்லதான் தொடைக்கிறேன், அது மாறினதே இல்ல.”