பன்னிரண்டு வரிப் பாவம்

கிராமத்து ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கற்றுக்கொடுத்த அந்த ஐந்து நாள் மிஷன் முகாமைப் போல் ஒரு முகாம் உலகத்தில் நடந்ததில்லை என்றால் அது மிகையாகாது. மிகையானால்தான் என்ன, முகாமே மிகையாகத்தான் நடந்தது. கல்வித் துறை ஆசிரியர்களைக் கொடுத்தது, மிஷன் ஆங்கிலத்தைக் கொடுத்தது. பிள்ளைகளை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை ஹாலில் நாற்பது ஆசிரியர்கள் கூடினார்கள். காலையில் ஜெபம், பிறகு ஆங்கிலம், பிறகு ஆங்கிலத்தில் ஜெபம். ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கியிருந்த பெரியவர்கள்கூட முயலாகக் குதித்தார்கள், தவளையாகத் தாவினார்கள். 'செயல்வழிக் கற்பித்தல்' என்பது அதன் திருநாமம். முட்டி வலி அதன் உடனடிப் பலன்.

நாற்பது பேரில் ஐந்தாம் வகுப்பு டீச்சரும் ஒருவர். முயலாகக் குதித்துத்தான் ஆங்கிலம் வரவேண்டும் என்ற நிலையில் அவர் இல்லை. அவருடைய பிள்ளைகள் ஏற்கனவே எழுத்துக்கூட்டாமல் படித்தார்கள். படிக்கத்தான் ஒன்றும் இல்லை. முப்பத்தோரு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆங்கிலக் கதைப்புத்தகம். மாதத்துக்கு ஒரு நாள்தான் ஒரு பிள்ளையின் முறை வரும். டீச்சர் முகாமுக்கு வந்ததே புத்தகத்துக்காகத்தான். கடைசி நாளில் மேடையேறி, 'முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி ஆனேன்' என்று மிகச் சிறந்த சாட்சி சொல்பவரின் பள்ளிக்கு முந்நூறு வண்ணப் புத்தகங்கள் என்று அறிவித்திருந்தார்கள்.

சாட்சிக்கு ஒரு படிவம் உண்டு. இடப்பக்கம் 'முன்பு', வலப்பக்கம் 'பின்பு'. நான்காம் நாள், டீச்சர் எழுதிய படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முகாமை நடத்தும் பாஸ்டர் வந்தார்.

"என்னம்மா இது? 'முன்பு'ல 'ஒழுங்காகப் பாடம் நடத்தினேன்'னு போட்டிருக்கீங்க. 'பின்பு'லயும் அதையே போட்டிருக்கீங்க."

"அதுதானே பாஸ்டர் உண்மை?"

"உண்மைதான், யார் இல்லைன்னா? ஆனா மாற்றம் எங்கம்மா? புஸ்தகம் அனுப்புறவங்க கடல் தாண்டி இருக்காங்க. படிச்சா அவங்களுக்குக் கண்ணு கலங்கணும். நீங்க ஏற்கனவே நல்லா இருந்தா, நாங்க எதுக்கு வந்தோம்?"

நாலு நாளாக அந்த முகாமில் யாரும் கேட்காத கேள்வி அது.

"பன்னிரண்டு வரி இருக்கு பாருங்க, பன்னிரண்டையும் நிரப்பிடுங்க. நல்லா யோசிங்க. ஒரு பாவம்கூட இல்லாமயா இருக்கும்?" என்றார் பாஸ்டர், மிகுந்த அன்போடு. அவர் நல்ல மனிதர். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்சம் இருட்டு.

வீட்டுக்கு வந்த டீச்சர், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டார்.

"ஏங்க, நான் ஏதாவது தப்பு பண்ணியிருக்கேனா?"

பஸ் கண்டக்டரான கணவருக்குக் கேள்வியின் ஆபத்து உடனே புரிந்தது. "நான் ஒண்ணும் சொல்லலம்மா. போன தடவை சொல்லிட்டு, மூணு நாள் கடையில சாப்பிட்டேன்."

கூடத்தில் டிவி சத்தம் சட்டென்று நின்றது. மாமியார் தாமாக டிவியை அணைத்தது அந்த வீட்டு வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. "என்ன கேக்குறா? அவ பண்ண தப்பா? ஒரு நோட்டு எடுத்துட்டு வந்து உக்காரச் சொல்லு."

நாற்பது நிமிடம் சொன்னார். உப்பு, கொடியில் துணி காயப்போடும் விதம், நாத்தனார் கல்யாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. எல்லாம் பெரிய பாவங்கள்தான். ஆனால் ஒன்றுகூட ஆங்கிலப் பாடத்துக்கு உதவவில்லை.

மறுநாள் காலை டீச்சர் ஒரு வரியும் நிரப்பாத புதுப் படிவத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். முன் வரிசையில் அவருடைய பள்ளி ஹெட்மாஸ்டர் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பள்ளியிலும் அவருக்கு இதே ஆசனம்தான். டீச்சர் அந்தப் பள்ளிக்கு வந்த ஆறு வருடமாகப் பார்க்கிறார்: மனிதர் போர்டில் தேதியை எழுதுவார், தூங்குவார். ஒரு பிள்ளை விசிறும், இன்னொன்று பைக் கழுவும். விடைத்தாளைப் பிரிக்காமலே மார்க் போடுவார்.

அடடா! ஊரெல்லாம் தேடிய பாவம் மொத்தமும் ஒரே ஆளாக எதிரிலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறது! யாருக்கும் உபயோகமில்லாமல் கிடக்கிற பாவம்தானே, பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று டீச்சர் மளமளவென்று எழுதினார். பன்னிரண்டு வரி போதவில்லை. கூடுதல் தாள் கேட்டு வாங்கி இணைத்தார்.

மேடையில் மற்றவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒருவர் கூச்சப்பட்டாராம், ஒருவருக்கு எழுத்துப்பிழை வருமாம். ஹெட்மாஸ்டர்களுக்குச் சாட்சியிலிருந்து விலக்கு உண்டு. பிறகு டீச்சர் எழுந்தார். ஆறு வருடம் வகுப்பில் தூங்கியதையும், பைக் கழுவவிட்டதையும், ஆங்கிலமே தெரியாமல் ஆங்கிலம் நடத்தியதையும் தங்குதடையில்லாமல் சொன்னார். தனக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை அத்தனை அழகான ஆங்கிலத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. பாஸ்டரின் கைக்குட்டை நனைந்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த கல்வி அதிகாரி ஒரு சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். பாவம், மனுஷர் உருகிவிட்டார் என்று டீச்சர் நினைத்தார்.

இறங்கி வந்ததும் ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார். "டீச்சர், நீங்களுமா? இத்தனை நாளா நான் ஒருத்தன்தான்னு நினைச்சு மனசு கஷ்டப்பட்டுட்டு இருந்தேன்."

திங்கட்கிழமை முந்நூறு புத்தகங்கள் வந்தன. ஆளுக்கொன்று கையில் கிடைத்ததும் முப்பத்தோரு பிள்ளைகளும் முதலில் முகர்ந்து பார்த்தார்கள். டீச்சருக்கு மனசு நிறைந்துபோனது. புதன்கிழமை உத்தரவு வந்தது. 'தாங்களே மனமுவந்து ஒப்புக்கொண்ட குற்றங்களின்' அடிப்படையில் விசாரணை முடியும்வரை டீச்சர் வகுப்பெடுக்கக் கூடாது, ஸ்டோர் ரூமைக் கவனிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தை, 'இதுவரை எக்குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாத' ஹெட்மாஸ்டர் நடத்துவார்.

டீச்சர் பாஸ்டருக்குப் போன் போட்டார். "அது என் பாவம் இல்ல பாஸ்டர். புஸ்தகத்துக்காக எழுதினேன். அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"சாட்சி பொய்யின்னா, புஸ்தகத்தைத் திருப்பி வாங்கி அடுத்த பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுவாங்கம்மா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் பாஸ்டர்.

உண்மையைச் சொன்னால் புத்தகம் போகும். சொல்லாவிட்டால் வகுப்பு போகும். சரி, புத்தகமாவது இருக்கட்டும் என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனார். அன்று மத்தியானமே முந்நூறு புத்தகமும் பெட்டியோடு அவர் பின்னாலேயே ஸ்டோர் ரூமுக்கு வந்து சேர்ந்தது. தூக்கி வந்த பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏன்டா திருப்பிக் கொண்டுவந்துட்டீங்க?"

"பக்கம் புரட்டுற சத்தத்துல சாருக்குத் தூக்கம் வரலையாம் டீச்சர்."

டீச்சருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அதுவரை வந்ததெல்லாம் வருத்தம். ஸ்டோர் ரூமை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கவனிக்கச் சொல்லி உத்தரவாயிற்றே, கவனிக்க வேண்டாமா? கைக்குக் கிடைத்த ஒரு பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாளே கல்வி அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"நாங்க என்னம்மா பண்ண முடியும்? உங்க வாயாலயே ஒத்துக்கிட்டீங்க. ஆறு வருஷத் தூக்கம்!" என்றார் அதிகாரி.

"ஆமா சார். ஒண்ணையும் மறுக்கல. விசாரணை வைங்க."

அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு ஒத்துழைப்பை அவர் எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் பதிவேட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். "இது எங்க பள்ளிக்கூடத்து ஆய்வுப் பதிவேடு சார். வருஷத்துக்கு ரெண்டு தடவை நீங்க நேர்ல வந்து ஐந்தாம் வகுப்பைப் பார்த்திருக்கீங்க. ஆறு வருஷத்துல பன்னிரண்டு தடவை. பன்னிரண்டுலயும் 'மிகவும் திருப்தி'ன்னு எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் தூங்கினதைப் பார்த்துட்டுத்தான் திருப்தின்னு எழுதினீங்களான்னு விசாரணையில கேப்பாங்கல்ல, அதான் கையோட கொண்டுவந்தேன்."

அதிகாரி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். உத்தரவின் நகலை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"சாட்சி அது பாட்டுக்கு இருக்கட்டும், புஸ்தகமும் இருக்கட்டும். ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க உங்க கிளாஸுக்குப் போங்க" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க தூங்கலைன்னே வச்சுக்குவோம்மா."

"வச்சுக்கவெல்லாம் வேண்டாம் சார், நான் தூங்கவே இல்ல" என்றார் டீச்சர், பதிவேட்டை மூடியபடி. "அதனாலதான் இந்த ஆறு வருஷத்துல நீங்க ஒரு நாளும் வரலைன்னு எனக்குத் தெரியும்."