மூணாந்தலைமுறை சார் கம்பெனி வாசலில் எடுத்த அட்டெண்டன்ஸ்

இந்தப் பூமியில் பிறந்த வாத்தியார்களிலேயே என் வயிற்றெரிச்சலை அதிகமாகக் கொட்டிக்கொண்டவர் மூணாந்தலைமுறை சார்தான். கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளி. ஆசிரியர்கள் நாங்கள் இருவர் மட்டும். அவருடைய தாத்தா அங்கே வாத்தியார், அப்பாவும் அங்கேயே வாத்தியார். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம்கூட பெயரைச் சொல்லாமல், "மூணாந்தலைமுறை" என்று கை நீட்டியவர் அவர். நான் எங்கள் வீட்டில் முதல் தலைமுறை. ஒன்பது வருஷமாகியும் ஊருக்கு நான் 'புது சார்'.

பிள்ளைகளின் பெயர் அவர் வாயில் நுழையாது. அட்டெண்டன்ஸில் அப்பன் பெயரைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் அட்டெண்டன்ஸ் நடக்கும்போது, மகள் மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க, ஏழுமலை கம்பெனி யூனிபாரத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏழுமல!"

"உள்ளேன் ஐயா!" என்றார் ஏழுமலையே.

"மணி இன்னா ஆவுது? லேட்டா வந்துக்கினு உள்ளேன் வேறயா? வெளிய நில்லுடா."

மனுஷன் கால் மணி நேரம் நின்றார். போகும்போது என்னிடம், "இவுங்க அப்பாவும் இப்டித்தான் சார் என்னிய நிக்க வெச்சாரு" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வயிற்றெரிச்சலில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு ஊருக்குள் தனியார் பள்ளி வேன்கள் வந்தன. பிள்ளைகள் குறைந்தார்கள். இந்த வருஷம் சேர்க்கை கூடாவிட்டால் ஒரு ஆசிரியர் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று கடிதம் வந்தது. ஜூனியர் நான்தான். வீட்டில் அம்மா படுத்த படுக்கை. ஒரு வாரம் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தேன். "பாக்கலாம் புது சார்" என்று அனுப்பிவைத்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு பிள்ளை.

"நோட்டீச மடிச்சு வெச்சிட்டு என்கூட வா" என்றார் மூணாந்தலைமுறை.

மத்தியான ஷிப்ட் விடும் நேரம். கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, அவர் அப்பா கைப்பட எழுதிவைத்த பழைய மாணவர் பெயர் நோட்டைப் பிரித்தார்.

"முனுசாமி!"

ஹெல்மெட்டுகள் அப்படியே நின்றன. "உள்ளேன் ஐயா!"

"தேசம்மா!"

"உள்ளேன் ஐயா!"

காவலாளியும் விறைப்பாக ஓர் 'உள்ளேன்' போட்டார். அவர் ஒடிசாக்காரர்.

"முனுசாமி, உன் புள்ளய எங்க சேத்துக்கீற?"

"வேன்ல போறான் சார்..."

"உங்கப்பன் எங்க தாத்தாகிட்ட படிச்சான். நீ எங்கப்பாகிட்ட படிச்ச. உன் புள்ள மட்டும் வேன்கிட்ட படிக்கிறானா?"

நின்ற இடத்திலேயே எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். எனக்காகத்தான் தொண்டை கிழியக் கத்துகிறார் என்று தெரிந்தும், பாவி மனசு அதற்கும் வெந்தது.

அப்படியும் கணக்குக்கு இரண்டு பிள்ளை குறைந்துவிட்டது. நான் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தேன். அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். தானே போகச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல்.

"சார், இது உங்க தாத்தா வேல பாத்த ஸ்கூலு!"

"அதான் மூணு பேரு ஒக்காந்து நாற்காலிய தேச்சாச்சே. உங்கம்மாவ யாரு பாத்துப்பா? கம்முனு இரு."

இப்போது அவர் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். இங்கே எல்லாரும் என்னை வெறும் 'சார்' என்கிறார்கள். நான் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் மத்தியானம் தனியாக டப்பாவைத் திறக்கும்போது, அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த முகம் தெரியாத வாத்தியாரை நினைத்தால் எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வருகிறது.