கொண்டாப்பூரில் உட்கார்ந்து பூசானில் வீடு பார்த்தவன்

வீடு பார்ப்பதில் நான் ஒரு புலி என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். (நம்பியது நான் ஒருத்தன்தான் என்பது பிறகு தெரிந்தது.) கோயம்புத்தூரிலிருந்து ஐதராபாத்துக்கு வேலைக்கு வந்த பதினொரு வருடங்களில் ஐந்து வீடு மாறியவன். தண்ணீர் லாரி வாரத்தில் எத்தனை நாள் வரும், கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா, பக்கத்து மனையில் கட்டடம் எழும்பப் போகிறதா என்ற கேள்விகளெல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் விட முக்கியமான பாடம் ஒன்றைக் கற்றிருந்தேன். "இது உங்களுக்கு சரிவராது சார்" என்று புரோக்கர் சொன்னால், அதை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். விடாமல் அந்த வீட்டைத்தான் பிடிக்க வேண்டும். இப்போது நாங்கள் இருக்கும் கொண்டாப்பூர் ஃப்ளாட்டை அப்படித்தான் பிடித்தேன்.

என் மனைவி மாலதி ஆங்கில ஆசிரியை. கொரியாவில் பூசான் என்ற பெரிய நகரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தர அவளுக்கு ஒரு வருட வேலை கிடைத்தது. ஏழாவது படிக்கும் எங்கள் மகள் யாழினியும் நானும் இங்கேயே இருப்பது, அவள் மட்டும் போவது என்று முடிவாயிற்று. ஊரெல்லாம் போன் போட்டுப் பெருமையடித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம். பதினான்கு வருடமாக அவளை விட்டு ஒரு வாரம்கூட இருந்ததில்லை. அவள் கிளம்புவதற்குள் அவளுக்காக எதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, தங்குவதற்கு இரண்டு வீடுகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அந்தப் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது.

முதல் வீடு சோம்யோன் என்ற கடைவீதிப் பகுதியில். ஒரே அறை, கீழே கடைகள், வாசலில் மெட்ரோ. வெளிநாட்டிலிருந்து வந்த ஆங்கில ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டாவது, ஊரின் இன்னொரு மூலையில், இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் கடல். மாலதி முதல் வீடு போதும் என்றாள். அங்கே இருக்கும் இரண்டு தென்னாப்பிரிக்க ஆசிரியைகளோடு அவள் ஏற்கெனவே போனில் பேசிப் பழகியிருந்தாள். ஏதாவது ஒன்று என்றால் கதவைத் தட்ட ஆள் இருக்குமே என்றாள்.

நான் எக்செல் ஷீட்டைத் திறந்தேன். பூசானின் ஒவ்வொரு பகுதிக்கும் நேராக ஐதராபாத்தில் அதற்குச் சமமான இடத்தை எழுதினேன். கடற்கரையை ஒட்டிய ஹேயுண்டே, பணக்காரர்கள் வாழும் ஜூபிலி ஹில்ஸ். சோம்யோன், சந்தேகமே இல்லாமல் அமீர்பேட்டை. ஹாஸ்டலும் சைன்போர்டுமாக ஒரே நெரிசல். என் பெண்டாட்டியை அமீர்பேட்டையில் ஒற்றை அறையில் கொண்டுபோய் விடுவேனா? இரண்டாவது வீட்டுக்கு நேராக, 'அல்வால், கூடவே கடல்' என்று எழுதினேன். மாலதி பிறந்து வளர்ந்தது அல்வால். அதோடு வாதம் முடிந்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

இங்கே நாம் பயன்படுத்தும் மேப் அந்த ஊரில் நடைவழி காட்டவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து அளந்தேன். நானூறு மீட்டர். ஐந்து நிமிட நடை.

மாமனார் அப்போது அல்வாலிலிருந்து வந்திருந்தார். உப்பலில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் லேப்டாப்பை நெடுநேரம் பார்த்தார்.

"உயரம் எங்க போட்டிருக்கு மாப்ள?"

இதெல்லாம் கம்ப்யூட்டர் மேப், உங்கள் காலத்து மேப் மாதிரி இல்லை என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். (முப்பது வருடம் மேப் போட்டவருக்கு.) அவர் "ஹவ்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். ஐதராபாத்தில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். அவர் சொன்ன விதத்தில் அந்தப் பொருள் இல்லை.

மாலதி பரீட்சைத் தாள்களுக்கும் சான்றிதழ்களுக்கும் நடுவில் மூழ்கிக் கிடந்தாள். நான் மூன்று நாள் விடாமல் நச்சரித்ததில் அலுத்துப்போய், "சரி, நீங்களே அனுப்புங்க" என்றாள். அவள் பெயரிலேயே பதில் எழுதினேன். பள்ளியில் வீட்டு விஷயங்களைக் கவனிக்கும் பார்க் என்ற இளம் ஆசிரியை உடனே எழுதினார்: வெளிநாட்டு ஆசிரியர்கள் பெரும்பாலும் முதல் வீட்டைத்தான் விரும்புவார்கள், நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?

நான் சிரித்துக்கொண்டேன். எந்த நாடானாலும் புரோக்கர் புரோக்கர்தான். கடல் பார்த்த வீட்டை யாரோ சொந்தக்காரருக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். மிகவும் உறுதி என்று பதில் போட்டேன். மறுநாள் இன்னொரு கடிதம். வீட்டுக்குப் போகும் வழி கொஞ்சம் சிரமமாக இருக்கும் என்று. நாங்கள் ஐதராபாத்காரர்கள், மழைக்காலத்திலேயே ஆபீஸ் போகிறவர்கள், எந்த ரோடும் எங்களை ஒன்றும் செய்யாது என்று எழுதினேன். அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

கோயம்புத்தூர்க்காரன் என்ற முறையில் இன்னொரு காரியமும் செய்தேன். மாலதியின் பெட்டிகளில் ஒரு டேபிள் டாப் கிரைண்டரை வைத்தேன். கனமாக இருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நானூறு மீட்டர்தானே என்றேன்.

அவள் போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை பதினொரு மணி, அங்கே மதியம் இரண்டரை. நான் தேர்ந்தெடுத்த வீட்டை உலகத்துக்குக் காட்ட வேண்டாமா? மாமனார், மாமியார், எதிர் ஃப்ளாட் ஸ்ரீனிவாஸ் தம்பதி எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தேன். கேசரி கிண்டினேன். வீடியோ கால் வந்ததும் போனை டிவியோடு இணைத்துவிட்டு, திறப்பு விழா நடத்துகிறவன் மாதிரி பக்கத்தில் நின்றேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காருக்குள் மாலதி, பக்கத்தில் பார்க். பிறகு கார் நின்றது. இதற்கு மேல் கார் போகாதாம் என்றாள் மாலதி. இறங்கி, கேமராவைத் திருப்பினாள்.

டிவி முழுக்கப் படிகள். இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் சிமெண்ட் படிகள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

யாழினி ஆங்கிலத்தில் படிகளை எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டியபோது மாலதி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு டிவியில் தெரிந்தது கொஞ்சம் வானம், கேட்டது மூச்சிரைப்பும் காலடிச் சத்தமும். யாழினி அதை வைத்தே எண்ணினாள். ஸ்ரீனிவாஸ் என் பக்கம் குனிந்து, மேலே ஏதாவது கோயில் இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். கிண்டலாக இல்லை, பக்தியோடுதான் கேட்டார்.

நூற்று முப்பதாவது படியில் மாலதி உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்து முகத்துக்கு நேராக வைத்தாள். வியர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"கிரைண்டர எந்தப் பெட்டியில வெச்சீங்க?"

"ரெண்டுலயும்தான். கல்லு ஒண்ணுல, டிரம்மும் மோட்டாரும் இன்னொண்ணுல."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போது மேலேயிருந்து வீட்டுக்கார அம்மாள் இறங்கி வந்தார். அறுபது வயதுக்குக் குறையாது, என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். படியிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, கிரைண்டர் கல்லை ஒரு துணியில் சுற்றி, குழந்தையைக் கட்டிக்கொள்வது போல முதுகில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். பார்க் குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்டியை இழுத்தார். எனக்கு ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. அங்கிருந்து கடல் தெரிகிறதா என்று கேட்டேன். மாமியார் என் கையிலிருந்த கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டில் யாழினி எண்ணுவதை நிறுத்தினாள். மாமனார் செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பதினோரு மாடி வருது மாப்ள," என்றார்.

மேலே போய்ச் சேர்ந்த மாலதி கடலைக் காட்டினாள். நிஜமாகவே நீலமாக, ஜன்னல் நிறைய இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கேமராவைத் தன் பக்கம் திருப்பியபோது அவள் அழுதிருந்தாள்.

"நான் அந்த மொத வீட்டத்தானே கேட்டேன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள், அது டிவியில் ஹால் முழுக்கக் கேட்டது. யாழினி எழுந்து, போதும் டாடி என்று டிவியை அணைத்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. மாலதிக்காகப் பார்த்த வீடு இல்லை அது. அவள் இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அங்கே அவள் கடலைப் பார்த்தபடி சௌகரியமாக இருக்கிறாள் என்று நானே என்னைத் தேற்றிக்கொள்வதற்காகப் பார்த்த வீடு.

மாலதி பெயரில் பதில் போட்டதெல்லாம் நான்தான் என்று அன்றே பார்க்குக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். முதல் வீட்டுக்கு வேறொருவர் வந்துவிட்டதாகவும், மூன்று மாதத்தில் அதே கட்டடத்தில் ஒன்று காலியாகும் என்றும் பதில் வந்தது. இந்தியர்கள் மிகவும் தைரியசாலிகள் என்று நினைத்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தார். மூன்று மாதமும் நாளை எண்ணினேன். காலியானதும் மாலதியைக் கூப்பிட்டு மாறிவிடச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள்.

"இந்தப் படியில நாப்பது வீடு இருக்கு. எந்தக் கதவை வேணா நான் தட்டலாம். அதுக்காக நீங்க சரியா பாத்தீங்கன்னு நெனச்சுக்காதீங்க."

நினைக்கவில்லை. வருட முடிவில் அவள் திரும்புவதற்கு முன், புதிதாக வரும் வெளிநாட்டு ஆசிரியர்களுக்காகப் பகுதிவாரியாக ஒரு கையேடு எழுதித் தரும்படி பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். எங்கே மெட்ரோ பக்கம், எங்கே காய்கறி மலிவு, எங்கே சத்தம் அதிகம் என்று நியாயமாக எழுதியிருந்தாள். கடல் பார்த்த வீட்டுப் பகுதிக்கு மூன்றே வரி: 'படிகள் 212. அக்கம்பக்கத்தார் தங்கமானவர்கள். வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கணவரிடம் கொடுக்காதீர்கள்.'

போன ஜனவரியில் அந்தத் தென்னாப்பிரிக்க ஆசிரியைகளில் ஒருவர் ஊர் சுற்ற ஐதராபாத் வந்தார். சார்மினார் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கதவைத் திறந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. நீங்கள்தானா அந்தக் கணவர் என்று கேட்டுவிட்டு, என்னைச் சுவரோரமாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இப்போது கையேட்டில், மாலதி எழுதிய மூன்று வரிக்குக் கீழே இருக்கிறது. மாமியார் அந்தப் பக்கத்தை கலர் பிரிண்ட் எடுத்து அல்வால் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். அங்கே மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படம் உள்ளறைக்குப் போய்விட்டது.