நான்கு டயரும் நலம்

ஸ்பிரிங்வெளி,
புதன்கிழமை.

அன்பும் பாசமும் மிக்க மச்சான் கெவின் அறிய, உன் அத்தான் யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் நானும் உன் அக்கா செபஸ்தியம்மாவும் சுகம். அக்காவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ வாங்கித் தந்த புதுக் காரின் நான்கு டயரும் நலம். பண்டாரவளையில் உன் நலமும், வரும் சனிக்கிழமை உன்னைக் கைப்பிடிக்கப்போகும் றொஷேலின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்கிறாய், ஆகவே கடிதம்.

விஷயம் என்னவென்றால், அக்காவைக் கல்யாணத்துக்குக் காரில் கூட்டி வர என்னால் முடியாது போலிருக்கிறது. கோபப்படாமல் முழுவதும் படி. தாயில்லாத உன்னை வளர்த்தவள் அவள், கோயிலில் தாயின் இடத்தில் அவள்தான் நிற்க வேண்டும், பஸ் படியில் ஏற முடியாத அவள் காலுக்காகத்தான் நீ கார் வாங்கினாய், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நீ அந்த டயரைக் குனிந்து பார்த்தாயா? நான் முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினவன். தோட்டத்தில் எனக்குத் தந்ததெல்லாம் தேய்ந்த டயருக்கு மேல் புதுத்தோல் ஒட்டின ரீபில்ட் டயர், அது எந்த வளைவில் தோலை உரித்துக்கொண்டு போகும் என்று அந்தோனியாருக்கே தெரியாது. கம்பெனியிலேயே பூட்டி வந்த டயரை நான் தொட்டது இப்போதுதான். கறுப்பு என்றால் என்ன கறுப்பு. வெட்டுப் பள்ளத்தில் விரல் நுழைகிறது. அதற்கு மேல் மெல்லிசு மெல்லிசாக ரப்பர் முடி, பூனை மீசை மாதிரி. முதல் நாள் அதைத் தடவிக்கொண்டிருந்ததில் நான் மத்தியானச் சோறு தின்ன மறந்துவிட்டேன்.

பக்கத்து லயத்து வீட்டு விஜேந்திரன், த்ரீவீல் ஓட்டுகிற பையன், வந்து பார்த்துவிட்டு, "மாமா, ரப்பரை அச்சுல ஊத்துறப்ப ஓட்டை வழியா பிதுங்கி வர்றதுதாங்க இந்த முடி. இதுக்கு ஒரு வேலையும் இல்ல. ஓட ஓட தானா உதிர்ந்துரும்" என்றான். வேலை இல்லாமலா ஒரு கம்பெனிக்காரன் ஒவ்வொரு முடியாக நட்டு வைப்பான்? அது பாதையைத் தடவிப் பார்த்து, வளைவு வருகிறது என்று வண்டிக்குச் சொல்லும் என்பது என் எண்ணம். கொழும்பிலிருந்து நீ ஓட்டி வந்த அன்றே நடுமுடியெல்லாம் போய்விட்டது, மிஞ்சியது ஓரத்து முடிதான். அதையாவது காப்பாற்ற வேண்டாமா? நாலு கல்லை வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, டயருக்குக் கோதுமை மா சாக்கு கட்டினேன். அதற்குப் பிறகுதான் நாய்ப் பிரச்சினை. டயரைக் கண்டால் காலைத் தூக்காத நாய் உண்டா? மேல் லயம், கீழ் லயம் என்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிற மாதிரி வரிசையாக வந்தன. அன்றிலிருந்து நான் கதிரை போட்டு வாசலிலேயே இருக்கிறேன். வண்டியை ஆசீர்வதிக்க பாதர் வந்தார், முன்கண்ணாடிக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போகப் பார்த்தார். விடுவேனா? டயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் முழங்காலில் நின்று, சாக்கை விலக்கிப் பிடித்தேன். "யேசுரத்தினம், கோயில்ல கூட நீ இப்படி முழங்கால் போட்டு நான் பார்த்ததில்லையே" என்றார்.

அதோடு நின்றதா என்றால் இல்லை. வண்டி என் பெயரில் இருப்பதால் கம்பெனியிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். வண்டியோடு வந்த டயரில் எனக்கு எவ்வளவு திருப்தி, பத்துக்குள் ஒரு மார்க் சொல்ல வேண்டுமாம். "பத்துக்கு மேல இல்லையாம்மா?" என்றேன். இல்லையாம். சரி என்று பத்து கொடுத்தேன்.

"சத்தம் வருதுங்களா ஐயா?"

"இல்லம்மா."

"மழையில வழுக்குதுங்களா?"

"இல்லவே இல்லம்மா."

"இதுவரைக்கும் எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கீங்க?"

"இன்னும் ஓட்டலம்மா."

"அப்ப எப்படிங்க ஐயா பத்து?"

"ஓட்டினா குறைஞ்சிரும்லம்மா."

நிறையப் பேர் குறை சொல்கிறார்களாம், சீக்கிரம் தேய்கிறது, இரைச்சல் போடுகிறது என்று. புது டயர்மேல் உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்களா மச்சான்? அவர்களையெல்லாம் ஒரு நாள் என் பழைய லொறியில் ஏற்றி ஸ்பிரிங்வெளி இறக்கத்தில் விட வேண்டும். இதை நான் அக்காவிடம் சொல்லித் தீரவில்லை, அவள் கதவு நிலையைப் பிடித்து நின்றபடி கேட்டாள்: "இத்தனை வருஷமா ஒங்களோட ஓடுறேனே, எனக்குப் பத்துக்கு எத்தனைன்னு யாராச்சும் கேட்டா என்னங்க சொல்லுவீங்க?" நான் பத்து என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது அவள் உள்ளே போய்விட்டாள். கல்யாணத்துக்கு எடுத்து வைத்த சேலையைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டாள். என்னோடு பேச்சில்லை. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை உன் மரக்கறி லொறியை அனுப்பு. அதன் டயரை நான் பார்த்திருக்கிறேன், அதில் இனிக் கெடுவதற்கு ஒன்றுமில்லை. லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே ஒரு கதிரை போட்டால் அக்கா ராணி மாதிரி வருவாள், நான் கதிரையைப் பிடித்துக்கொள்கிறேன். விஜேந்திரன் நாய் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், ஆனால் அவனை நம்பி அதிக நேரம் விட முடியாது. தாலி கட்டியதும் நாங்கள் கிளம்பிவிடுவோம், சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிடு.

உனக்கும் றொஷேலுக்கும் மாதாவின் துணை எந்நாளும் இருக்கட்டும். நீங்கள் போகிற பாதையில் ஆணி கிடக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
யேசுரத்தினம்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். லொறி இனி வேணாம். இவர் போஸ்ட் பண்ணச் சொல்லிக் குடுத்ததை நான் போஸ்ட் பண்ணல, நானே கொண்டாந்து உன் கையில தர்றேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை காலைல இவர் கடைக்குப் போன நேரம், தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு, பலகையில உட்கார்ந்து, சாக்கை அவிழ்த்து, நாலு டயர்லயும் ஒரு முடி விடாம வெட்டிட்டேன். வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். அப்புறம் கல்லை எடுத்தார், சாவியைக் கொண்டாந்தார், "சேலையை எடுத்துக்க"ன்னார். இப்ப ஹாலிஎலையில டீ குடிக்க இறங்கியிருக்கார், நான் கார்ல இருந்து எழுதுறேன். வர்ற வழியெல்லாம் மழை. இறக்கத்து வளைவுல எதுக்க பஸ் வந்துச்சு, பிரேக்கை மிதிச்சார், வண்டி அப்படியே நின்னுச்சு. ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு, "செபஸ்தி, முடி இல்லாமலே நிக்குது"ன்னார். கண்ணு கலங்கிருச்சு. கொஞ்ச தூரம் வந்ததும், "ஒனக்கும் பத்துதான், அன்னைக்கு நாய் வந்துருச்சு"ன்னார்.

இன்னொண்ணு. டிக்கிக்குள்ள கார்ப்பட்டுக்கு அடியில அஞ்சாவதா ஒரு டயர் இருக்குன்னு விஜேந்திரன் எனக்கு மட்டும் காட்டினான். நடுவுலயும் ஓரத்துலயும் முழு முடியோட அப்படியே இருக்கு. இவருக்கு இன்னும் தெரியாது. தாலி கட்டுற வரைக்கும் நீயும் சொல்லிராத, சொன்னா கோயிலுக்குள்ள வர மாட்டார்.